கொடுக்காத மருந்து

சௌமியா புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் எல்லாருக்கும் தெரியும். பரப்பியது அவள் இல்லை, அவள் கணவன் ஜெய்சங்கர். பொன்மலை ரயில்வே பணிமனையில் சீனியர் டெக்னீஷியனாக இருந்தான். லிஃப்டில் யார் ஏறினாலும், "எங்க வீட்டுல கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டிருக்காங்க" என்பான். அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

"மருந்தெல்லாம் இல்லீங்க. ஒரே ஒரு புரதம். அதுவும் முழுசாத் தெரியல" என்று திருத்துவாள்.

மன்னார்புரம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் அவள் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியர். அவள் ஒன்பது வருடமாகக் கட்டிக்கொண்டு அழுத புரதத்தின் பெயர் ஈ-கேடரின். செல்லும் செல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். இரைப்பையின் உள்தோல் உதிர்ந்து கொட்டாமல் இருப்பதும் அதனால்தான். செல் அந்தப் புரதத்தைச் செய்ததும் அதன் மேல் சின்னச் சின்ன சர்க்கரைக் கிளைகளை ஒட்டித் தன் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. சில சமயம் தவறான கிளை ஒட்டிவிடும். சில சமயம் வால் பக்கம் வேண்டாத இடத்தில் ஒரு பாஸ்பேட் ஏறிக்கொள்ளும். சில அணுக்கள் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பிடி தளர்ந்துவிடும். செல் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். பிடி விட்ட செல் தனியாக நகர ஆரம்பிக்கும்.

இவ்வளவும் தெரிந்தவள், சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெய்சங்கர் இரண்டாவது இட்லியோடு தட்டை நகர்த்தியபோது, "நேத்து பரோட்டா சாப்பிட்டீங்கல்ல, அதான்" என்றாள்.

"இல்ல சௌமி. பசிக்குது. ஆனா ரெண்டு வாய் போனதும் வயிறு ரொம்பிடுது."

வாயுத் தொந்தரவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, லேசான அழற்சி. எடுத்த சதைத் துணுக்கிலும் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்று மாலை அம்மா மண்டபம் ரோட்டில் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அவன் பாதியிலேயே கப்பை அவளிடம் கொடுத்தான். அவள் அதையும் தின்று முடித்தாள்.

ஆடி முடிவதற்குள் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அரியமங்கலத்தில் இருந்த அவன் அக்கா ரெங்கநாயகி வந்தவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியைப் பார்த்து நின்றுவிட்டாள். பெற்றோர் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள். கணவனை இழந்த பிறகு ஒரு பட்டறையில் கணக்கு எழுதி அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள். சௌமியாவுக்கும் ஜெய்சங்கருக்கும் குழந்தை இல்லாததால், ரெங்கநாயகிக்கு இருந்த ஒட்டு உறவும் இந்த இரண்டு பேர்தான்.

"என்னடா இது, சட்டை உன்மேல தொங்குது?" என்றாள். பிறகு சௌமியாவிடம் திரும்பி, "நீ பாக்கலியா?" என்றாள்.

சௌமியா போனை எடுத்து மறுபடி எண்டோஸ்கோப்பிக்கு நேரம் கேட்டாள்.

இரண்டாவது எண்டோஸ்கோப்பியில் இரைப்பைச் சுவர் தோல் பை மாதிரி விறைத்துக் கிடந்தது. காற்றடித்தும் விரியவில்லை. இந்தத் தடவை ஆழமாகத் துணுக்கு எடுத்தார்கள். அதைச் சோதித்த ஆய்வகத்தின் நோய்க்குறியியல் மருத்துவர் பானுமதி, சௌமியாவுக்குப் பத்து வருடப் பழக்கம்; அவளுடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்குப் படங்கள் எடுத்துக் கொடுத்தவர். ரிப்போர்ட்டைக் கையில் தராமல் உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க பாத்துடறது நல்லதுன்னு தோணுச்சு. வேணாம்னா வேணாம்."

"பாக்கறேன் மேடம்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஈ-கேடரினுக்குப் பழுப்பு நிறம் ஏற்றிய ஸ்லைடு. ஓரத்தில் கொஞ்சம் நல்ல செல்கள் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்புக் கோடு தேன்கூட்டைப் போலத் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே ஒன்றோடொன்று தொடாத செல்கள், தனித்தனியாக, சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்துச் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் கோடே இல்லை. பழுப்பு, செல்லின் உள்ளே மங்கலாக, சிதறிக் கிடந்தது.

அவள் தன் வகுப்பில் வருடாவருடம் காட்டும் படம் இதுதான். கடைசியாக மாசி மாதம் காட்டினாள். அப்போது அவன் பெல்ட்டில் பழைய ஓட்டைதான்.

"புரதம் இருக்கு. இருக்க வேண்டிய இடத்துல இல்ல" என்றார் பானுமதி, மெதுவாக.

"ஆமா மேடம். உள்ள இழுத்துடுச்சு" என்று சௌமியா சொன்னாள். தன் குரல் பாடம் நடத்துவது போல ஒலித்தது அவளுக்கே கேட்டது.

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது, குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வெங்கும் அரிசிக் குருணை தூவினாற்போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. புற்றுநோய் மருத்துவர் அப்துல் சலாம் ஜெய்சங்கரையும் சௌமியாவையும் உட்கார வைத்துப் பேசினார். அறுவை சிகிச்சை செய்து பயனில்லை. கீமோ கொடுக்கலாம். குணமாவதற்கு இல்லை, ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்க.

"எவ்வளவு நாள் சார்?" என்று ஜெய்சங்கர் கேட்டான்.

"நல்லாக் கேட்டுச்சுன்னா ஒரு வருஷம்கூடப் போகலாம். கேக்கலன்னா சில மாசம். பொய் சொல்ல மாட்டேன்."

"இவங்க இதைத்தான் சார் ஆராய்ச்சி பண்றாங்க" என்று அவன் மனைவியைக் காட்டினான். பெருமையாகத்தான் சொன்னான். மருத்துவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் மேஜை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டான். "நீ சொல்லு. எனக்குள்ள என்ன நடக்குது?"

சர்க்கரைக் கிளை, பாஸ்பேட், உள்ளிழுப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பணிமனையில் ஒரு பழுதை விசாரிப்பது போலத்தான் கேள்விகள் வந்தன. எது முதலில் கெட்டது, எதனால் கெட்டது, யார் தப்பு.

"நான் ஏதாச்சும் செஞ்சு வந்ததா? வெல்டிங் புகையா? ஊறுகாயா?"

"தெரியலைங்க. உங்க தப்பு இல்ல. அது மட்டும் தெரியும்."

"பரம்பரையா?"

"அதுக்கு டெஸ்ட் பண்ணியாச்சு. இல்ல."

"அப்ப சும்மாவா வந்துச்சு?"

"சும்மாவும் வரும்" என்றாள்.

கீமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாவது தடவைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை, "உன் லேபைப் பாக்கணும்" என்றான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் கேட்டதில்லை. கார் பிடித்துக் கூட்டிப்போனாள். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

அப்போது சூடு மாறாத பெட்டியில் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. இரண்டிலும் ஒரே இரைப்பைப் புற்றுச் செல்கள். முதல் தட்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துக் கொடுத்தாள். செல்கள் மணல் இறைத்தாற்போலத் தனித்தனியாகக் கிடந்தன.

"இது யாரோட செல்லு?"

"யாரோ ஒருத்தர். எந்த ஊர்னு தெரியாது. அவர் இறந்து ரொம்ப வருஷமாச்சு. செல்லு மட்டும் வளர்ந்துட்டே இருக்கு."

அவன் மறுபடி குனிந்து பார்த்தான். இரண்டாவது தட்டை வைத்தாள். இதில் செல்கள் கூட்டம் கூட்டமாக, இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது வேற ஆளா?"

"அதே ஆள். அதே செல்லு. இதுல ஒரு மருந்து, மருந்துன்னு சொல்லக் கூடாது, ஒரு சேர்மம் போட்டிருக்கோம். தப்பான சர்க்கரைக் கிளை ஒட்டாம அது தடுக்கும். புரதம் மேலேயே நிக்கும்."

அவன் கண்ணை எடுக்கவில்லை. முதுகு வலிக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் தட்டை மறுபடி வைக்கச் சொன்னான். பிறகு இரண்டாவதை. திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோதும் அவன் பேசவில்லை. அவனுக்குக் காட்டியிருக்கக் கூடாது என்பது அங்கேதான் அவளுக்கு உறைத்தது.

நான்கு நாள் கழித்துக் கேட்டான். ரசம் சாதத்தைக் கரைத்து ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குப்பியைக் கொண்டு வா சௌமி."

"எந்தக் குப்பி?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. ரெண்டாவது தட்டுல போட்டது. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். என்ன ஆனாலும் என் பொறுப்பு."

"அது மனுஷங்களுக்குச் செஞ்சது இல்லைங்க. வெளிநாட்டுல ஒரு காட்டுச் செடி இருக்கு. அதை மேஞ்ச மாடு தள்ளாடித் தள்ளாடி விழுந்து செத்துப் போகும். அந்தச் செடியில இருக்கிறதோட உறவுதான் இது. அதே வகையில ஒண்ண ரொம்ப வருஷத்துக்கு முன்னால நோயாளிங்களுக்குக் கொடுத்துப் பாத்தாங்க. கட்டி கேக்கல."

"அது வேற. இது நீ செஞ்சது."

"நான் தட்டுல செஞ்சேன். தட்டுல கல்லீரல் கிடையாது, மூளை கிடையாது."

"எனக்கு மட்டும் எத்தனை நாளைக்கு இருக்கப்போகுது கல்லீரலும் மூளையும்?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள். ஒட்டிக்கொண்ட செல்களின் மேல் கீமோ மருந்தைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். தனித்தனியாகக் கிடந்தவை நிறையச் செத்தன. கூட்டமாக நின்றவை ஒன்றுக்கொன்று காவலாக நின்று பிழைத்துக்கொண்டன. மூன்று தடவை செய்து பார்த்தும் அதேதான்.

"ஒட்டிக்கிட்டா நடமாட்டம் குறையுது. ஆனா சாகறதும் குறையுது. உங்க வயித்துல ஏற்கெனவே பரவினதெல்லாம் அங்கங்க ஒட்டிக்கிட்டு, இப்ப கொடுக்கிற கீமோவையும் கேக்காமப் போயிடலாம்."

"லாம்" என்றான் அவன். "போயிடலாம். போகாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப நீங்க எல்லாரும் இத்தனை வருஷம் எதுக்கு இதைச் செய்யறீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "எப்பவாச்சும், யாருக்காச்சும்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மறுநாள் ரெங்கநாயகி வந்தாள். தம்பி போனில் சொல்லியிருந்தான்.

"கையில வச்சுக்கிட்டா கொடுக்க மாட்டேங்கற?"

"அக்கா, அது விஷமாப் போயிட்டா?"

"இப்ப உள்ள ஏத்தறது மட்டும் என்ன பாலா? வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிக்க அழுவறான். அதுக்கு நீ கையெழுத்துப் போட்டியே?"

"அது எவ்வளவு கொடுக்கணும், என்ன பண்ணும்னு டாக்டருக்குத் தெரியும்க்கா. இது யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும்னுதான் அவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான்" என்றாள் ரெங்கநாயகி.

சௌமியா அன்று மத்தியானமே அப்துல் சலாமைப் பார்க்கப் போனாள். தன் ஆய்வு முடிவுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப்போயிருந்தாள். அவர் பொறுமையாகப் புரட்டினார். ஒரு படத்தில் நின்று, "நல்ல வேலை" என்றார். பிறகு கேட்டார்: "நீங்க கேக்கறீங்களா, அவர் கேக்கறாரா?"

"அவர்தான். நானும்தான். தெரியல டாக்டர்."

"எலிக்குக் கொடுத்துப் பாத்தீங்களா?"

"எட்டு எலி. மூணுக்கு நடை தள்ளாடுச்சு."

"கட்டி?"

"ரெண்டுல சின்னதாச்சு. மத்ததுல இல்ல."

அவர் ஃபைலை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். "இதை நான் கொடுக்க முடியாது. உங்களைக் கொடுக்கச் சொல்லவும் முடியாது. சட்டம் மட்டும் இல்லம்மா. நாளைக்கு அவருக்கு நடை தள்ளாடுச்சுன்னா, அது நோயா உங்க கையான்னு நீங்க ஆயுசு பூரா யோசிக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "கொடுக்கலன்னாலும் யோசிப்பீங்க. அதுக்கு என்கிட்ட வழி இல்ல" என்றார்.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனாள். மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்து, உறைபனி படிந்த பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தாள். சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். மேஜையில் கிடந்த ஒரு தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். எலியின் எடைக்கு இவ்வளவு என்றால், நாற்பத்தொன்பது கிலோ மனிதனுக்கு எவ்வளவு. இருந்த குப்பிகள் எல்லாவற்றையும் கரைத்தாலும் மூன்று நாளைக்குத்தான் வரும். மூன்று நாள் போதுமா என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததை உணர்ந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். கையுறை போட மறந்திருந்தாள். குளிர் விரலில் ஒட்டி எரிந்தது. குப்பியைத் திரும்ப வைத்து மூடினாள். தாளைக் கிழித்துப் போட்டாள். அது அந்த வாரத்து வருகைப் பதிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய், "கொடுக்க மாட்டேங்க" என்றாள்.

"சரி" என்றான் ஜெய்சங்கர்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்தவும் இல்லை. மாத்திரை கேட்டான், ஃபேனைக் குறைக்கச் சொன்னான், பணிமனை நண்பர்கள் வந்தால் காபி கொடுக்கச் சொன்னான். ஆனால் அவர்களிடம் அவள் வேலையைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டான். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர், "வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டதற்கு, "காலேஜ்ல டீச்சர்" என்றான். அடுக்களையில் அவள் காதில் விழுந்தது.

ஐந்தாவது கீமோவோடு எடுத்த ஸ்கேனில், வயிற்றில் நீர் கூடியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். மாற்றியதும் கேட்கவில்லை. மார்கழியில் குடல் அடைத்துக்கொண்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, ஒன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். வலிக்குத் தோலில் ஒட்டும் பட்டை கொடுத்திருந்தார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அவள்தான் பழையதை உரித்துப் புதியதை ஒட்டினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். உதட்டில் ஈரப் பஞ்சை வைப்பாள். ரெங்கநாயகி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பெண்களும் ஒரே அறையில், அவனிடம் மட்டும் பேசிக்கொண்டு இருந்தார்கள்.

ஒரு நாள் காலை அவன் அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். குழாயால் குரல் வரவில்லை. குனிந்து காதை வைத்தாள்.

"அந்த ஆளு" என்றான். "தட்டுல இருக்கானே. அவன் பேரு தெரியாதா?"

"தெரியாதுங்க."

கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் ஏதாவது சொல்வான் என்று அப்படியே குனிந்திருந்தாள்.

தை பிறந்து ஆறாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு இறந்தான். மாடி வீட்டுக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். பணிமனையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஓயாமரி சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, ரெங்கநாயகி மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்து சௌமியாவும் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக ரெங்கநாயகி சௌமியாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு அதைக் கொடுத்திருந்தா இருந்திருப்பானா?"

இல்லை அக்கா என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் ரெங்கநாயகிக்கு இன்று தூக்கம் வரும். தனக்கும் கொஞ்சம் வரலாம். எட்டு எலியில் இரண்டு என்பது நினைவுக்கு வந்தது. நடை தள்ளாடிய மூன்றும் நினைவுக்கு வந்தன.

"தெரியலக்கா" என்றாள். "இருந்திருக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன். இன்னும் கஷ்டப்பட்டுச் சீக்கிரமே போயிருப்பார்னும் நினைக்கிறேன். ஆனா தெரியாது. நிச்சயமாத் தெரியாது."

"இவ்வளவு படிச்சும்?"

"இவ்வளவு படிச்சும்."

ரெங்கநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சௌமியா சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ் வந்தது. கூட்டமில்லை. ரெங்கநாயகி ஏறி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்வது வழக்கமில்லை. அதனால் சொல்லவில்லையா, இல்லை வேறு காரணமா என்று சௌமியாவுக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பிப் போனது.